பிறப்புப் பத்திரம் பேசும் கதை

புக்கிட் ரம்பாயில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. ரப்பர் செழித்த காலத்தில் மலாக்காத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களில் பலர் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டே கப்பல் ஏறினார்கள். ஆயாக் கொட்டகை, தோட்டப் பள்ளி ஆகிய வசதிகள் லயத்துப் பிள்ளைகளுக்கே கிடைத்தன. ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு அப்பன் அனுப்பும் மணியார்டர்தான் கதி. 1938 ஜூனில் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. 1941 இறுதியில் ஜப்பானியர் வந்திறங்க, மணியார்டரும் நின்றது.

சுதந்திரத்துக்குப் பின் பிரச்சினை வேறு உருவில் வந்தது. 1962 செப்டம்பருக்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் குடியுரிமை உண்டு என்றது அரசியல் சட்டம். ஆகவே சிவப்பு அடையாள அட்டைக்காரரின் பிள்ளை குடிமகன், தகப்பனோ அந்நியர்! 1969 மே கலவரத்துக்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாடு திரும்பினார்கள். சில வீடுகளில் அப்பன் கப்பல் ஏற, தாயும் பிள்ளைகளும் தோட்டத்தில் தங்கினர்.

அடுத்த சிக்கல் திருமணப் பதிவு. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிவது கட்டாயம். கோயிலில் தாலி கட்டியதோடு நம் மக்களில் பலர் நிறுத்திக்கொண்டார்கள். பதிவில்லாத் திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சட்டம் தாயின் குடியுரிமையையே பார்க்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்த மனைவி திரும்பிப் போய்விட்டால், மலேசியத் தகப்பனிடம் வளரும் பிள்ளை இங்கேயே பிறந்திருந்தாலும் அந்நியன்தான்.

இங்கேதான் உதவித்தொகை வருகிறது. சமூக நல இலாகாவின் சிறார் உதவி 2021இல் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 200 ரிங்கிட், ஏழு முதல் பதினெட்டு வரை 150 ரிங்கிட், குடும்பத்துக்கு அதிகபட்சம் 1,000 ரிங்கிட் என உயர்ந்தது. குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு அது எட்டாக்கனி. அரசாங்கப் பள்ளியிலும் மருத்துவமனையிலும் தனிக் கட்டணம் வேறு. தகப்பன் வரி கட்டும் குடிமகனாயிற்றே என்று கேட்டுப் பயனில்லை.

பெண்கள் பட்ட பாடு இதைவிட மோசம். அந்நியரை மணந்து வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாயால் பிள்ளைக்குத் தானாகக் குடியுரிமை தர முடியவில்லை. தகப்பனால் மட்டுமே முடிந்தது. 2021 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் தாய்மார் பக்கம் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. கடைசியில் 2024 அக்டோபர் 17இல் மக்களவை அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. ஆனால் அது முன்தேதியிட்டுச் செல்லாது. அதற்கு முன் பிறந்த பிள்ளைகளுக்கு 15(2) விதியின் கீழ் மனுப்போட்டு, உள்துறை அமைச்சின் பதிலுக்குக் காத்திருப்பதே வழி.