மாற்று இணைய இணைப்பு: மதுரை வட்டார வரலாறு

மாற்று இணைய இணைப்பு என்பது வீட்டின் முதன்மை இணைய இணைப்பு அறுபடும்போது அதன் இடத்தில் செயல்படுவதற்காக வைக்கப்படும் இரண்டாவது இணைப்பு ஆகும். அலுவலகப் பணி, இணையவழி வகுப்பு, மருத்துவ ஆலோசனை ஆகியவை வீட்டிலிருந்தே நடக்கும் இக்காலத்தில், அரை மணி நேரத் தடைகூட ஒருவரின் ஊதியத்தையோ தேர்வையோ பாதிக்கலாம். மதுரையில் வைகையின் வடகரையில் உள்ள தல்லாகுளம் போன்ற பகுதிகள் செப்புக்கம்பி, கம்பியில்லா அலை, ஒளியிழை ஆகிய மூன்று காலகட்டங்களைக் கண்டுள்ளன. முதல் இணைப்பு செல்லும் வழியையும் அதற்கான மின்சாரத்தையும் சார்ந்திருக்கும் இரண்டாவது இணைப்பு உண்மையான மாற்று ஆகாது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

கருத்தின் தோற்றம்

அமெரிக்காவின் ரேண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய பால் பாரன், 1964 இல் வெளியிட்ட ஆய்வறிக்கைகளில் ஒரே மையத்தை நம்பாத பரவலான வலையமைப்பை முன்வைத்தார். ஒவ்வொரு கணுவும் பல கணுக்களுடன் இணைந்திருந்தால், பல கணுக்கள் அழிந்த பின்னும் எஞ்சியவை தொடர்பில் இருக்கும் என அவர் கணக்கிட்டுக் காட்டினார். இன்றைய இணையத்தின் நடுப்பகுதியிலும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பல வழிகள் உள்ளன. ஆனால் தெருமுனையிலிருந்து வீட்டுக்கு வரும் கடைசிப் பகுதியில் பெரும்பாலும் ஒரே ஒரு கம்பிதான் உள்ளது.

செப்புக்கம்பிக் காலம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் தொடங்கியது. அப்போது தொலைபேசி எண்ணைச் சுழற்றியே இணையத்தில் நுழைய வேண்டும். இணையம் ஓடும்போது தொலைபேசியைப் பயன்படுத்த இயலாது. பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2005 இல் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கிய பின் அதே செப்புக்கம்பியில் பேச்சும் இணையமும் ஒருசேரச் சென்றன. நொடிக்கு 256 கிலோபிட் என்பதே அன்றைய அகலப்பட்டையின் குறைந்தபட்ச வேகம்.

செப்புக்கம்பிக்கு ஒரு சிறப்பு இருந்தது. தொலைபேசி நிலையத்தின் 48 வோல்ட் மின்கலத்திலிருந்து கம்பி வழியாகவே மின்சாரம் வந்ததால், வீட்டில் மின்சாரம் இல்லாதபோதும் தொலைபேசி பேசியது. இணையத்துக்கான மோடத்துக்கோ வீட்டு மின்சாரம் தேவைப்பட்டது. 2012 இல் சென்னைக்கு வெளியே பல மணி நேரம் மின்வெட்டு நீடித்தபோது, இன்வெர்ட்டர் இல்லாத வீடுகளில் கம்பி நன்றாக இருந்தும் இணையம் கிடைக்கவில்லை.

மேலூரும் தேனியும்

மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டத்தில் 2001 இல் கிராம இணைய மையங்கள் தொடங்கப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பம் அவற்றை இணைத்தது. ஊர் ஊராகக் கம்பி இழுக்காமலேயே இணையத்தைக் கொண்டு சேர்க்க முடியும் என்பதை அம்முயற்சி காட்டியது.

தல்லாகுளத்துக்கு அருகே அண்ணா நகரில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளை, தன்னைச் சுற்றியுள்ள ஊர்களின் கண் பார்வை மையங்களை நெடுந்தொலைவு வைஃபை வழியாக இணைத்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் அமைப்பில் துணைநின்றனர். நோயாளி தம் ஊரிலேயே அமர்ந்து, தேனியில் உள்ள மருத்துவருடன் காணொளியில் பேசினார். இப்பணியைப் பற்றி 2008 இல் எழுதிய ஆய்வாளர்கள், தரமற்ற மின்சாரமே பழுதுகளுக்கு முக்கியக் காரணம் என்று குறிப்பிட்டனர். முதன்மை இணைப்பு செயலிழக்கும்போது தொலைவிலிருந்து பழுதைக் கண்டறிய, அதைச் சாராத தனி வழி தேவை என்பதும் அவர்கள் கண்ட பாடம்.

ஒரே வழியில் சென்ற கம்பிகள்

2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரண்டு கடலடிக் கம்பிவடங்கள் அறுந்தன. இந்தியாவிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் இணையத் திறனில் பெரும்பகுதி முடங்கியது. வடங்கள் இரண்டு என்றாலும் அவை சென்ற கடற்பாதை ஏறத்தாழ ஒன்றுதான். சிங்கப்பூர் வழியாகக் கிழக்கே சென்ற வடங்களே அப்போது கைகொடுத்தன.

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல், டெல்டா மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. மின்சாரம் இன்றி அலைபேசிக் கோபுரங்களும் முடங்கின. கம்பிக்கு மாற்றாகக் கருதப்பட்ட அலைபேசியும் அதே மின்சாரத்தையே நம்பியிருந்தது.

இன்றைய வீட்டு அமைப்பு

ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே வீட்டில் உள்ள ஒளியிழைப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் 12 வோல்ட் சிறு யு.பி.எஸ். வைப்பது முதல் படி. இரண்டாவது படி வேறு வழியைத் தேர்ந்தெடுப்பது. இரு நிறுவனங்களின் ஒளியிழைகள் ஒரே மின்கம்பத்தில் தொங்கினால், அக்கம்பம் சாயும்போது இரண்டும் அறுபடும். பாதாள சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தெருவைத் தோண்டும்போதும் இதே நிலைதான். இதனால் ஒளியிழைக்கு 4ஜி அல்லது 5ஜி இணைப்பை மாற்றாக வைப்பது பொருத்தமானது.

இரண்டு இணைப்புகளை ஏற்கும் ரவுட்டர், வெளியே உள்ள ஒரு வழங்கிக்குச் சில நொடிகளுக்கு ஒருமுறை சோதனைச் செய்தி அனுப்பும். தொடர்ந்து பதில் வராவிட்டால் இரண்டாவது இணைப்புக்கு மாறும். முதன்மை இணைப்பு சீரானதும் திரும்பும். ஒளியிழைப் பெட்டியின் விளக்கு எரிவதை மட்டும் நம்பக் கூடாது. பழுது அதற்கு அப்பாலும் இருக்கலாம்.

வரம்புகள்

இணைப்பு மாறும்போது இணைய முகவரியும் மாறுவதால் நடந்துகொண்டிருக்கும் காணொளி அழைப்பு அறுபடக்கூடும். அலைபேசி இணைப்பில் தரவு அளவு வரம்புக்குட்பட்டது. தொலைக்காட்சி, கண்காணிப்புக் கேமரா போன்றவற்றை அந்நேரத்தில் நிறுத்திவைப்பது நல்லது. கூட்ட நெரிசலும் வேகத்தைக் குறைக்கும். சித்திரைத் திருவிழாவில் அழகரை வரவேற்கும் எதிர்சேவைக்குத் தல்லாகுளத்தில் பெருங்கூட்டம் திரள்கிறது. அத்தகைய நாட்களில் ஒரே கோபுரத்தைப் பலர் பகிர வேண்டியுள்ளது.

மாதம் ஒருமுறை முதன்மைக் கம்பியைக் கழற்றியும், மற்றொரு முறை வீட்டு மின்சாரத்தை நிறுத்தியும் பார்த்தால்தான் மாற்று இணைப்பு உண்மையில் வேலை செய்கிறதா என்பது தெரியும்.