தங்கத்தால் கெட்ட மர ஆலை

மின்சார மில் வருவதற்கு முன் மரம் அறுப்பது எத்தனை பாடு என்று நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று நாள் முழுக்க ரம்பம் இழுத்தால்தான் சில பலகைகள் தேறும். மலைநாடுகள் பலவற்றில் அந்த வேலையை ஆற்றுத் தண்ணீரிடம் ஒப்படைத்தார்கள். அப்படி எழுந்த ஓர் ஆலையின் கதை இது.

கலிபோர்னியா மலையடிவாரத்தில், அமெரிக்கன் ஆற்றின் தென்கிளைக் கரையில் கொலோமா என்றொரு பள்ளத்தாக்கு. நிசெனான் என்ற பழங்குடியினரின் பூர்வீக இடம். சமவெளியில் பெரும்பண்ணை வைத்திருந்த ஜான் சட்டருக்குப் பலகை தேவைப்பட்டது. கொலோமாவைச் சுற்றிலும் பைன் மரங்கள், பக்கத்திலேயே ஆறு. 1847 ஆகஸ்டில் தச்சர் ஜேம்ஸ் மார்ஷலுடன் கூட்டுச் சேர்ந்து ஆலை கட்ட ஒப்பந்தம் போட்டார்.

அமைப்பு எளியது. ஆற்றை மறித்துத் தண்ணீரைக் கால்வாயில் திருப்பினார்கள். தண்ணீர் சக்கரத்தைச் சுழற்றும்; சக்கரத்தோடு பிணைத்த தண்டு ரம்பத்தை மேலும் கீழும் இயக்கும். வேலை முடிந்த தண்ணீர் இன்னொரு கால்வாய் வழியே ஆற்றுக்குத் திரும்பும்.

அந்தக் கடைசிக் கால்வாய்க்கு ஆழம் போதவில்லை. தண்ணீர் தேங்கினால் சக்கரம் சுற்றாதே! பகலில் வெட்டினார்கள், இரவில் தண்ணீரைத் திறந்துவிட்டு மண்ணை அடித்துப் போகச் செய்தார்கள். 1848 ஜனவரி 24 காலை, கால்வாயைப் பார்க்கப் போன மார்ஷலின் கண்ணில் மஞ்சள் துணுக்குகள் பட்டன. தட்டிப் பார்த்தார், உடையாமல் தட்டையாயிற்று. தங்கம்!

ஆலை முடியும்வரை வாயைத் திறக்காதீர்கள் என்று சட்டர் கேட்டுக்கொண்டார். மார்ச்சில் ரம்பம் ஓடவும் செய்தது. ஆனால் அதற்குள் செய்தி கசிந்துவிட்டது. சில ஆண்டுகளில் சுமார் 3,00,000 பேர் கலிபோர்னியாவுக்கு வந்து குவிந்தார்கள். சட்டரின் வேலையாட்கள் தங்கம் தேடிப் போனார்கள். கோதுமை வயலிலேயே கிடந்தது, மாடுகள் களவு போயின. நஷ்டஈடு கேட்டு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு நடையாய் நடந்த சட்டர், 1880இல் வாஷிங்டனில் காலமானார். மார்ஷல் 1885இல் ஏழையாகவே கண்மூடினார்.

இருவரையும் விட அதிகம் இழந்தவர்கள் மண்ணின் மக்கள். 1848இல் கலிபோர்னியாவில் சுமார் 1,50,000 பழங்குடியினர் இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். நோய், பட்டினி, படுகொலை எல்லாம் சேர்ந்து, 1870 வாக்கில் அவர்களில் எஞ்சியவர்கள் சுமார் 30,000 பேர்தான்.

ஆலையும் கேட்பாரற்றுச் சிதைந்தது. 1947இல் ஆற்றங்கரையைத் தோண்டியபோது அதன் அடிக்கட்டைகள் சில கிடைத்தன. பின்னாளில் அதே சாயலில் ஓர் ஆலையை அங்கே கட்டிவைத்தார்கள். இன்று பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் தங்கத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பலகை அறுக்கத்தான் அது கட்டப்பட்டது.