துன்யா: பக்கத்தில் இருப்பதற்கு ஒரு பெயர்

யாழ்ப்பாணம் சோனகத் தெருக்காரரின் பேச்சில் உலகத்துக்கு இரண்டு பெயர் உண்டு. செய்தி, வியாபாரம், ஊர்ப்புதினம் என்றால் அது உலகம். மௌத்தை (மரணத்தை)ப் பற்றியோ பேராசையைப் பற்றியோ பேச்சு வந்தால் அது துன்யா. "துன்யாவுக்குப் பின்னால ஓடாதே" என்று பெரியவர்கள் கண்டிக்கும் இடத்தில் 'உலகம்' என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். கண்டிப்பில் பாதி போய்விடும். இந்தக் கடுப்பு அந்தச் சொல்லுக்குள் எங்கிருந்து ஏறியது?

அரபியில் துன்யா ஓர் அடைமொழி. 'தனா' என்றால் நெருங்கினான். அதே வேரில் பிறந்த 'அத்னா' மிக நெருங்கியதைக் குறிக்கும். அதன் பெண்பால் வடிவம்தான் துன்யா. குர்ஆனில் பல இடங்களில் 'அல்ஹயாத்துத் துன்யா' என்று வருகிறது: பக்கத்தில் உள்ள வாழ்வு. ஹயாத்தை விட்டு அடைமொழி மட்டும் தனித்துப் பெயராக நிற்பதையும் குர்ஆனிலேயே காணலாம். இதன் இணைச்சொல் ஆகிரா, பின்னால் வருவது. ஆக, இந்த இணை முதலில் சொல்வது நல்லது கெட்டதை அல்ல. கிட்டே இருப்பதையும் பிறகு வருவதையும்தான்.

துன்யா வசைச்சொல் அல்ல என்பதற்கு வலுவான சான்று 67ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. விளக்குகளால் அலங்கரிக்கப்பட்ட மிக அண்மை வானத்துக்கு அங்கே தரப்படும் அடைமொழியும் துன்யாதான். விண்மீன் பூத்த வானத்தைக் கீழ்த்தரமானது என்று யார் சொல்வார்? இம்மையிலும் நன்மை தா, மறுமையிலும் நன்மை தா என்று முஸ்லிம் பிள்ளைகள் சிறு வயதிலேயே மனனம் செய்யும் துஆவிலும் துன்யாதான் முன்னால் நிற்கிறது.

அப்படியானால் தாழ்வுப் பொருள்? அதற்கும் இடம் உண்டு. இரண்டாம் அத்தியாயத்தில் மூசா நபியின் கூட்டத்தார், ஒரே உணவு சலித்துவிட்டதென்று கீரையும் வெள்ளரியும் பருப்பும் வெங்காயமும் கேட்கிறார்கள். மேலானதைக் கொடுத்துவிட்டு 'அத்னா'வானதையா வாங்கப் போகிறீர்கள் என்று அவர்களிடம் கேட்கப்படுகிறது. வெங்காயம் ஹராம் அல்ல. மேலானதை விற்று அதை வாங்கும்போதுதான் அது தாழ்ந்துபோகிறது. பொருளில் குறை இல்லை; பண்டமாற்றில்தான் குறை.

தமிழுக்கு இந்த நுட்பம் புதிதல்ல. 'இம்மை' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் முன்னால் நிற்பது 'இ' என்ற அண்மைச் சுட்டு. குறளில் மறுமையோடு சேர்ந்து வரும் அதே இம்மை. அரபியும் தமிழும் ஒன்றையொன்று அறியாமலே இந்த வாழ்வைக் 'கிட்டே இருப்பது' என்று பெயரிட்டிருக்கின்றன. 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்த அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ், வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். அவரைப் போன்றவர்களுக்கு ஒரு காதில் துன்யாவும் ஆகிராவும், மறு காதில் இம்மையும் மறுமையும் விழுந்திருக்கும்.

பாரசீகத்திலும் உருதுவிலும் மலாயிலும் சுவாஹிலியிலும் இந்தச் சொல் சாதாரண உலகமாகிவிட்டது. தமிழில் அந்த வேலையைச் செய்ய 'உலகம்' ஏற்கெனவே இருந்ததால், துன்யாவுக்கு மிஞ்சியது எச்சரிக்கை வேலை. கடுப்பு ஏறிய வழி அதுதான். அந்தப் போக்கில் ஒன்றை இழந்தும் விட்டோம். துன்யா என்றதும் காசு, காணி, நகை என்று கண்ணுக்குத் தெரிவதைத்தான் நினைக்கிறோம். வேர்ச்சொல் எச்சரிப்பதோ கண்ணுக்கு மிகக் கிட்டே இருப்பதால் தெரியாமல் போவதை.

பசித்த இரண்டு ஓநாய்களை ஆட்டு மந்தையில் விட்டால் விளையும் கேட்டைவிட, செல்வத்தின் மீதும் சிறப்பின் மீதும் ஒருவன் கொள்ளும் பேராசை அவனது மார்க்கத்துக்குக் கேடு என்ற கருத்தில் திர்மிதியின் நபிமொழித் தொகுப்பில் ஒரு ஹதீஸ் உண்டு. திமிஷ்கில் (டமாஸ்கஸில்) வாழ்ந்து 1393இல் மறைந்த இப்னு ரஜப், இந்த ஒரு ஹதீஸுக்கென்றே தனி நூல் எழுதினார். இரண்டாவது ஓநாய் ஆபத்தானது. காசாசை பிறர் கண்ணில் படும். பெயராசை பக்தியின் உடுப்பிலேயே வரும். இமாம் கஸ்ஸாலி 1095இல் பக்தாதின் நிஸாமியா மத்ரசாவில் தமது உயர்ந்த ஆசிரியப் பதவியை விட்டு வெளியேறினார். தாம் மார்க்கக் கல்வி கற்பித்ததன் பின்னால் புகழ் தேடும் நோக்கம் இருந்ததைத் தம் வரலாற்றில் அவரே எழுதிவைத்தார். அவருக்குத் துன்யா கடைத்தெருவில் அல்ல, பாடம் சொன்ன இருக்கையிலேயே இருந்தது.

இந்தச் சொல்லைத் தவறாக வீசும் இடமும் ஒன்றுண்டு. 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி அருகே ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறப் பணித்தார்கள். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த வீடும் கடையும் பின்னால் நிற்க, பலர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வாழ நேர்ந்தது. "துன்யாதானே, போகட்டும்" என்று இழந்தவர் தன் மனதைத் தேற்றிக்கொண்டால் அது ஸபுர், பொறுமை. அதையே பறித்தவரோ பார்த்திருந்தவரோ சொன்னால் அது அநியாயத்துக்குப் போடும் போர்வை. மக்காவை விட்டு வெளியேறிய நபிகள் நாயகம், என் மக்கள் வெளியேற்றியிராவிட்டால் உன்னை விட்டுப் போயிருக்க மாட்டேன் என்ற கருத்தில் அந்த ஊரைப் பார்த்துப் பேசினார்கள். பிறந்த மண்ணை நினைத்து ஏங்குவது துன்யா மோகம் அல்ல. பிறன் வீட்டின் மீது கை வைக்கும் ஆசைக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

துன்யா என்பது அடுத்தவரை அளக்க வந்த சொல் அல்ல. ஊருக்குள் யாருக்கு எத்தனை கடை, எத்தனை வீடு என்று எண்ணிப் பார்த்து அதை உச்சரிப்பவர், தமக்குக் கிட்டே இருப்பதைக் காணத் தவறுகிறார். எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று அவரவர் தம்மைக் கேட்டுக்கொள்ளவே அந்தச் சொல் இருக்கிறது. அதற்கே அதை வைத்துக்கொள்வோம்.