அச்சை அச்சிட்ட கதை

பாட்டிலோ, மூடியோ, அட்டைப் பெட்டியோ, முட்டைத் தட்டோ எதுவானாலும், அது உருவாவதற்கு முன் அதன் அச்சு உருவாக வேண்டும். பேக்கேஜிங் தொழிலில் பணமும் நாளும் அதிகம் கரைவது அந்த அச்சில்தான். ஒரு பாட்டிலின் விலை சில ரூபாய்; அதை ஊதியெடுக்கும் எஃகு அச்சின் விலை லட்சங்களில். தமிழில் ‘அச்சு’ என்ற சொல் வார்ப்படக் கூடத்துக்கும் அச்சகத்துக்கும் பொதுவானது. முப்பரிமாண அச்சு பேக்கேஜிங் தொழிலுக்குள் வந்த வரலாற்றுக்கு இந்த இரட்டைப் பொருள் மிகவும் பொருந்துகிறது. அந்த எந்திரங்கள் இத்தொழிலில் பாட்டில்களையும் பெட்டிகளையும் அச்சிட்டது அரிது; அவற்றின் அச்சுகளை அச்சிட்டதே அதிகம்.

பழைய முறையின் இடர்களைக் காட்டக் கோகோ கோலா பாட்டில் ஒன்றே போதும். இருட்டில் தடவினாலும், உடைந்து கிடந்தாலும் இன்னதென்று தெரிகிற பாட்டில் வேண்டும் என்று 1915இல் கண்ணாடித் தொழிற்சாலைகளுக்கு அழைப்பு போயிற்று. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், டெரி ஹோட் நகரின் ரூட் கண்ணாடி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்ல் டீன், கலைக்களஞ்சியத்தில் கண்ட கொக்கோ காயின் வரிகளைக் கொண்டு ஒரு வடிவம் வரைந்தார். அதற்கான அச்சையும் அவரே உருவாக்கினார். கோடைக்காக உலையை அணைக்கும் நாள் நெருங்கிவிட்டதால், அதற்குள் சில பாட்டில்களை மட்டுமே ஊதியெடுக்க முடிந்தது. 1915 நவம்பர் 16 அன்று வடிவத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அந்தப் பாட்டிலின் வயிறு அடிப்பகுதியைவிடப் பருத்திருந்ததால், நிரப்பும் வரிசையின் கன்வேயரில் அது நிலையாக நிற்கவில்லை. வயிற்றை ஒடுக்கிய பிறகே உற்பத்திக்கு ஏற்றதானது.

அச்சு வெட்டி, பாட்டில் ஊதி, கன்வேயரில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் பிழை தெரிந்தது. அடுத்த அறுபது, எழுபது ஆண்டுகளில் பொருள்கள் மாறின. டூபாண்ட் நிறுவனத்தின் நத்தானியேல் வைத் 1973இல் பெட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். அச்சு வெட்டும் கடைசல் எந்திரங்கள் கணினியின் கட்டுப்பாட்டுக்கு வந்தன. பிழை தெரியும் நேரம் மட்டும் முன்னே நகரவில்லை.

அதை முன்னே கொண்டுவரும் வழி முதலில் ஜப்பானில் தோன்றியது. நகோயா நகராட்சித் தொழில் ஆய்வு நிலையத்தின் ஹிதியோ கொடாமா, ஒளி பட்டால் இறுகும் பிசினை அடுக்கடுக்காக இறுக்கி ஒரு பொருளை உருவாக்கும் முறைக்கு 1980இல் காப்புரிமை கோரினார். 1981இல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். குறித்த காலத்துக்குள் அடுத்த கட்ட விண்ணப்பத்தைச் செய்ய இயலாமல் அந்த உரிமை கைநழுவியது. பிரான்சில் அலைன் லெ மெஹோத், ஒலிவியே தெ வித், ழான் குளோத் ஆந்த்ரே மூவரும் 1984 ஜூலை 16 அன்று விண்ணப்பித்தார்கள். அவர்களுடைய நிறுவனம் இதில் வணிகம் இல்லை என்று கைவிட்டது. மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 8 அன்று, கலிபோர்னியாவின் சார்லஸ் ஹல் விண்ணப்பித்தார். 1986 மார்ச் 11 அன்று அவருக்கு உரிமை கிடைத்தது. அதே ஆண்டில் 3டி சிஸ்டம்ஸ் நிறுவனமும் உருவானது.

ஹல் வேலை பார்த்த நிறுவனம், மேசைப் பரப்புகளின் பூச்சைப் புற ஊதா விளக்கால் இறுக்கும் தொழிலில் இருந்தது. ஒரு சிறு பிளாஸ்டிக் உறுப்பின் மாதிரியைக் கையில் பார்ப்பதற்கு ஆறு முதல் எட்டு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது அவரை உறுத்தியது. காத்திருப்புக்குக் காரணம், உருகிய பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்தி வார்க்கும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் அச்சு: அது வெட்டப்படும்வரை மாதிரி கிடையாது. 1983 மார்ச் 9 அன்று அவருடைய எந்திரத்திலிருந்து வெளிவந்த முதல் பொருள், கண் கழுவப் பயன்படும் ஒரு சின்னக் கிண்ணம். இந்தத் தொழில்நுட்பத்தின் தலைப்பிள்ளை ஒரு கொள்கலன் என்பது தற்செயல்தான் என்றாலும், பேக்கேஜிங் வரலாறு அதைக் குறித்துவைப்பது நியாயம்.

1980களின் பிற்பகுதியில் வேறு வழிகளும் வரிசையாகத் திறந்தன. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் டெக்கர்டு பொடியை லேசரால் உருக்கிப் பிணைத்தார். ஸ்காட் கிரம்ப் பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கினார். எம்ஐடியில் இமானுவேல் சாக்ஸும் மைக்கேல் சிமாவும் பொடியின் மேல் பசையைத் துளித்துளியாகத் தெளித்துப் பொருள் செய்தார்கள். பாட்டில் வடிவமைப்பாளர்களுக்கு இவற்றால் முதலில் கிடைத்தது கண்ணால் பார்க்கவும் கையால் பிடிக்கவும் ஒரு மாதிரி. ஷாம்பு பாட்டில் ஈரக் கையில் வழுக்குமா, மூடியின் மரை கழுத்தோடு பொருந்துமா, லேபிள் ஒட்டும் இடம் சுருக்கம் விழாத அளவு தட்டையா என்பதெல்லாம் உலோகத்தைத் தொடுவதற்கு முன்பே தெரிந்தது. டீனின் பாட்டிலில் கன்வேயர் காட்டிய பிழையை, இப்போது ஒரே நாளில் அச்சான பிசின் மாதிரி காட்டியது. ஆப்ஜெட் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தின் எந்திரங்கள் கண்ணாடி போன்ற தெளிவையும் ரப்பர் போன்ற மென்மையையும் ஒரே மாதிரியில் சேர்த்தன. 2009இல் இழை உருக்கும் முறையின் அடிப்படைக் காப்புரிமை முடிவடைந்தது. பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் பாயர் தொடங்கிய ரெப்ராப் திட்டத்தின் வழியில் மேசை மேல் வைக்கும் மலிவான எந்திரங்கள் பெருகி, சிறு வடிவமைப்புக் கூடங்களுக்கும் போய்ச் சேர்ந்தன.

அடுத்த படி அச்சையே அச்சிடுவது. இதில் இரண்டு தனித்தனிக் கதைகள் உண்டு.

ஒன்று எஃகு அச்சின் கதை. மோல்டிங் எந்திரம் ஒரு மூடியைச் செய்ய எடுக்கும் நேரத்தில் பெரும்பங்கு, உருகிய பிளாஸ்டிக் குளிர்வதற்கே போகிறது. அச்சுக்குள் துளையிட்டுத் தண்ணீர் ஓடவிடுவார்கள். துளைக்கருவி நேர்கோட்டில்தான் போகும். மூடியோ வளைவு நெளிவு உடையது. தண்ணீர் எட்டாத மூலை கடைசியில் குளிரும்; அதுவரை எந்திரம் காத்திருக்கும், அவசரப்பட்டால் மூடி கோணும். அடுக்கடுக்காகக் கட்டப்படும் அச்சில், பொருளின் வளைவை ஒட்டியே நீர்வழியும் வளைந்து போகலாம். சாக்ஸ் குழுவினர் 1990களில் எம்ஐடியில் இதைச் செய்து காட்டினார்கள். உலோகப் பொடியை லேசரால் பிணைக்கும் எந்திரங்கள் தேறியதும் தொழிற்சாலைகளும் இதை எடுத்துக்கொண்டன. ஒரு மூடிக்கு ஓரிரு நொடி மிச்சமானாலும், கோடிக்கணக்கில் மூடி செய்யும் ஆலைக்கு அது பெரிய ஆதாயம். பேக்கேஜிங் தொழிலில் முப்பரிமாண அச்சு தந்த ஆழமான மாற்றம் இதுவே. கடையில் மூடியைத் திறப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை என்பதால் பேசப்படுவது குறைவு.

மற்றது பிசின் அச்சின் கதை. பெட் பாட்டில் செய்ய, சோதனைக் குழாய் போன்ற சிறு குழலைச் சூடாக்கி, கம்பியால் நீட்டி, உயர் அழுத்தக் காற்றால் அச்சுக்குள் ஊதுகிறார்கள். ஊதும் அழுத்தம் 40 பார் வரை போகும்; இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கின் அழுத்தத்தோடு ஒப்பிட்டால் இது மிகவும் குறைவு. அதனால் கடினமான பிசினில் அச்சிட்ட அச்சும் சில நூறு பாட்டில்களுக்குத் தாங்கும். யூனிலீவருக்குப் பாட்டில் செய்துதரும் செரியோபிளாஸ்ட் நிறுவனம், இத்தகைய அச்சில் ஏறக்குறைய 200 சோதனைப் பாட்டில்களை ஊதியெடுத்தது. ஆறு வார வேலை இரண்டு வாரமானது. சந்தைச் சோதனைக்கும் நிரப்பும் வரிசையை ஓட்டிப் பார்க்கவும் அந்த எண்ணிக்கை போதும்.

எந்திரத்தில் வெட்டிய அட்டைப் பெட்டியின் வரலாறு ஒரு விபத்தில் தொடங்குகிறது. 1879இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் கேர் என்பவரின் அச்சகத்தில் விதைப் பைகள் அச்சாகிக்கொண்டிருந்தபோது, மடிப்புக் கோடு போட வேண்டிய உலோகப் பட்டை சற்று உயர்ந்து பைகளை வெட்டிவிட்டது. வெட்டுவதையும் மடிப்புக் கோடு போடுவதையும் ஒரே அழுத்தில் செய்யலாம் என்பது கேருக்கு அப்போது பிடிபட்டது. இன்றைய மடிப்புப் பெட்டிகள் அனைத்தும் அந்த வழியில் வந்தவை. தமிழ்நாட்டு அச்சகங்களில் ‘பஞ்சிங்’ எனப்படும் வேலையும் அதுவே: ஒட்டுப்பலகையில் பள்ளம் வெட்டி, எஃகுப் பட்டைகளை வளைத்துச் செருகி ஒரு ‘டை’ கட்டுவார்கள். பெட்டி ஆயிரமானாலும் பத்து லட்சமானாலும் டை கட்டும் உழைப்பு ஒன்றே. குறைந்த எண்ணிக்கையில் பெட்டி கேட்பவர்களுக்கு அது பெரும் சுமை. 2012இல் ஜெர்மனியின் துரூப்பா அச்சுக் கண்காட்சியில் ஹைகான் என்ற இஸ்ரேலிய நிறுவனம் வைத்த எந்திரம் இந்த டையை நீக்கியது. உருளையில் சுற்றிய மென்படலத்தின் மேல் பாலிமரைக் கோடுகளாக இட்டு, புற ஊதா ஒளியால் இறுக்கி, மடிப்புக்கான மேடுகளை அந்த இடத்திலேயே உண்டாக்குகிறது. வெட்டும் வேலையை லேசர் செய்கிறது. கேரின் உலோகப் பட்டைக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்துக்குப் பிறகு கிடைத்த மாற்று, சில நிமிடங்களில் அச்சாகும் பிசின் கோடு.

முட்டைத் தட்டு, கோப்பை ஏந்தி போன்ற காகிதக்கூழ்ப் பொருள்களில் அச்சு ஒரு சல்லடை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மார்ட்டின் கீஸ் 1900களின் தொடக்கத்தில் கூழிலிருந்து தட்டு வார்க்கும் எந்திரத்தை உருவாக்கிய நாள்முதல் அடிப்படை மாறவில்லை: துளைகள் நிறைந்த அச்சின் மேல் கம்பிவலை போர்த்தி, பெரும்பகுதி தண்ணீரான கூழில் முக்கி உறிஞ்சினால், நீர் போய் நார் வலைமேல் தங்கும். தட்டையான வலையைக் குழிகளுக்கும் கூம்புகளுக்கும் ஏற்பக் கையால் வளைத்து, வெட்டி, இணைப்பது தேர்ந்த கைவேலை. அந்த வலையைத் துளைகளோடு சேர்த்தே அச்சிடும் முறையை எச்பி நிறுவனம் 2021இல் அறிமுகப்படுத்தியது. எந்த இடத்தில் எவ்வளவு நீர் உறிஞ்சப்பட வேண்டும் என்பதைக் கணக்கிட்டுத் துளையின் அளவை இடத்துக்கு இடம் மாற்றலாம். தட்டின் தடிமன் அதற்கேற்ப அமையும். பிளாஸ்டிக்கைக் குறைக்கக் கூழை நாடும் காலத்தில் இந்த வசதிக்குத் தனி மதிப்பு உண்டு.

பொதியும் வரிசைகளிலும் அச்சிட்ட உறுப்புகள் இடம்பிடித்தன. முட்டையையும் பழத்தையும் நசுக்காமல் எடுக்கும் பற்றுக் கருவிகளுக்கு, லேசரில் பிணைத்த பாலியமைடு என்ற பிளாஸ்டிக் ஏற்ற பொருளானது. யானைத் துதிக்கையைப் பார்த்து ஃபெஸ்டோ நிறுவனமும் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையமும் அமைத்த கையாளும் கருவி 2010இல் ஜெர்மானிய எதிர்காலப் பரிசைப் பெற்றது. ஸ்பெயினின் செவில்லி நகர ஹைனக்கன் ஆலை, பாதுகாப்புப் பூட்டுகளையும் வரிசையின் மாற்று உறுப்புகளையும் தானே அச்சிட்டுக்கொள்ளத் தொடங்கியது.

பொதிகலனையே நேரடியாக அச்சிடுவது அரிதாக இருப்பதற்கு முதற்காரணம் வேகம். ஊதும் எந்திரம் ஒன்று மணிக்குப் பல்லாயிரம் பாட்டில் தரும். அச்சு எந்திரம் அடுக்கடுக்காக ஒன்றைக் கட்ட மணிக்கணக்கில் ஆகும். உணவு தொடும் கலத்தில் இன்னொரு தடையும் உண்டு. அடுக்குகளுக்கு இடையிலான நுண்பள்ளங்களில் அழுக்கும் கிருமியும் தங்கும். முழுதும் இறுகாத பிசினிலிருந்து வேதிப்பொருள் கசியக்கூடும். வார்த்த பிளாஸ்டிக்கின் வழவழப்பான பரப்பு இதில் என்றும் முந்திக்கொள்கிறது.

அழகுசாதனத்தில் மட்டும் அந்தப் பள்ளமே பயன்பட்டது. இமை மையின் தூரிகை, புட்டியின் மூடியோடு இணைந்த உறுப்பு. அதை அச்சிடும் முறைக்கு ஷானெல் நிறுவனம் 2007இல் காப்புரிமை கோரியிருந்தது. பதினோரு ஆண்டு கழித்து, 2018இல், எர்ப்ரோ என்ற பிரெஞ்சு நிறுவனம் ஷானெலுக்காக மாதம் 10 லட்சம் தூரிகை என்ற இலக்கோடு உற்பத்தியில் இறங்கியது. பாலியமைடு பொடியை லேசர் பிணைக்கும்போது பரப்பு சற்றுச் சொரசொரப்பாக அமையும். பிற இடங்களில் தேய்த்து நீக்கப்படும் அந்தச் சொரசொரப்பு இங்கே மையைப் பிடித்துக்கொள்கிறது. தூரிகையின் தண்டில் மை தேங்குவதற்கு நுண்குழிகள் உண்டு. அவற்றால் தூரிகையை மறுபடி மறுபடி புட்டியில் தோய்க்க வேண்டியதில்லை. அத்தகைய குழிகளோடு வார்த்த தூரிகை அச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். இரண்டு பாதியாகத் திறக்கும் எஃகு அச்சிலிருந்து அதைப் பெயர்த்தெடுக்க முடியாது.