விழுந்தவரைத் தூக்கிவிடும் வழக்கம்: டூர் டி பிரான்ஸின் ஒரு பக்க வரலாறு

பிரான்சு நாட்டின் நெடுஞ்சாலைகளிலும் மலைக்கணவாய்களிலும் 1903 முதல், இரு உலகப் போர்க் காலங்கள் நீங்கலாக, ஆண்டுதோறும் நடந்துவரும் டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தில், ஒரு வீரர் மற்றொருவருக்கு உதவுவது தொடக்கக் காலத்தில் பண்பாகப் போற்றப்படவில்லை. தண்டனைக்குரிய செயலாகவே கருதப்பட்டது. பந்தயத்தைத் தோற்றுவித்த ஆன்றி தெக்ரான்ஜ், ஒவ்வொருவரும் பிறர் துணையின்றித் தம் கால்வலிமையையும் மனவலிமையையும் மட்டுமே நம்பி ஓட்டவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். 1911இல் மோரிஸ் புரோக்கோ என்பவர் பிற வீரர்களுக்குத் துணையாக ஓட்டினார் என்று குற்றம்சாட்டி, அவரை வேலைக்காரன் என்று இகழ்ந்ததோடு பந்தயத்திலிருந்தும் நீக்கினார். 1913இல் தூர்மலே கணவாயில் யூஜீன் கிறிஸ்தோஃப் வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் கவை முறிந்தபோது, அவர் வண்டியைத் தோளில் சுமந்து மலையடிவாரச் சிற்றூர் ஒன்றின் கொல்லுப்பட்டறை வரை நடந்து, நடுவர்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தம் கையாலேயே அதைக் காய்ச்சி ஒட்டினார். பட்டறைச் சிறுவன் துருத்தி ஊதியது பிறர் உதவி என்று கணக்கிடப்பட்டு அதற்கும் தண்டனை நேரம் விதிக்கப்பட்டது.

இந்தக் கடுமை தளர்ந்தது இரக்கத்தால் அன்று. மிதிவண்டி நிறுவனங்களின் அணிகள் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு வெற்றியை முடிவுசெய்கின்றன என்று சினந்த தெக்ரான்ஜ், 1930இல் அவற்றை விலக்கி நாட்டு அணிகளைக் கொண்டுவந்தார். நாட்டின் பெயரால் ஓட்டுகிறவர்களை ஒருவருக்கொருவர் உதவக்கூடாது என்று தடுப்பது பொருந்தாது என்பதால், அதுவரை குற்றமாயிருந்த செயல் அதே ஆண்டில் கடமையாக மாறியது.

அம்மாற்றத்தின் முதற்பெரும் காட்சியும் அவ்வாண்டிலேயே, கிரெனோபிளிலிருந்து எவியான் செல்லும் கட்டத்தில் நிகழ்ந்தது. ஒட்டுமொத்த நேரக்கணக்கில் முதலிடத்தில் உள்ளவர் அணியும் மஞ்சள் சட்டையோடு கலிபியே கணவாயிலிருந்து இறங்கிய பிரெஞ்சு வீரர் ஆந்த்ரே லெதுக் நிலைதடுமாறி விழுந்து நினைவிழந்தார். அணித்தோழர்கள் அவரைத் தெளிவித்து மீண்டும் வண்டியில் ஏற்றினர். ஆனால் அடுத்த ஏற்றத்தில், முதல் வீழ்ச்சியில் சேதமடைந்திருந்த பெடல் முறிய, லெதுக் மறுபடியும் விழுந்தார். முழங்காலில் குருதி வழிய, இனி முடியாது என்று சாலையோரத்தில் அமர்ந்து அழுதார். அவர் அழும் புகைப்படம் பந்தய வரலாற்றின் புகழ்பெற்ற படங்களுள் ஒன்று. வேடிக்கை பார்க்க வந்த ஒருவருடைய வண்டியிலிருந்து பெடல் ஒன்றைப் பெற்றுப் பொருத்திய தோழர்கள், தேற்றியும் அதட்டியும் அவரை எழுப்பி, முன்னே வெகுதூரம் சென்றுவிட்ட இத்தாலிய வீரர் லேயார்கோ குவெர்ராவைத் துரத்தத் தொடங்கினர். எதிர்க்காற்றை முறைவைத்துத் தாங்கள் ஏற்றுக்கொண்டு, லெதுக்கைத் தங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்தே ஓட்டிச்சென்று குவெர்ராவைப் பிடித்தனர். அன்றைய கட்டத்தை மட்டுமன்றி, பாரிசில் முடிந்த முழுப் பந்தயத்தையும் லெதுக்கே வென்றார்.

தோழமையின் உச்சம் என்று இந்நிகழ்ச்சி இன்றளவும் கொண்டாடப்படுகிறது, அப்புகழில் பிழையில்லை. எனினும் அங்கே காக்கப்பட்டது லெதுக்கின் உடலா, அவர் மேலிருந்த மஞ்சள் சட்டையா என்ற கேள்வியை வரலாறு எழுப்பியே தீரவேண்டும். சட்டை அவர் மேல் இல்லாதிருந்தால் அத்தனை பேர் நின்றிருப்பார்களா என்பது ஐயமே. 1934இல் இருபது வயது ரெனே வியத்தோ தம் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்ததும், மறுநாள் மலைச்சாலையில் எதிர்த்திசையில் திரும்பி ஏறிவந்து வண்டியையே கொடுத்ததும் முன்னணியிலிருந்த அந்தோனென் மாஞ்சுக்காகவே. மாஞ் வென்றார், வியத்தோவுக்குக் கண்ணீர்ப் படம் மிஞ்சியது.

இக்கணக்கிற்கு அடங்காத நிகழ்ச்சி 1951இல் நேர்ந்தது. மஞ்சள் சட்டை அணிந்த முதல் டச்சு வீரரான விம் வான் எஸ்ட், ஒபிஸ்க் கணவாயின் இறக்கத்தில் வளைவு தவறி ஆழமான பள்ளத்தில் விழுந்தார். கயிறு எட்டாத ஆழத்திலிருந்து அவரை மீட்க, அணியினர் தங்களிடமிருந்த மாற்று டயர்களை, ஏறத்தாழ நாற்பது இருக்கும், முடிச்சுப்போட்டு இறக்கி மேலே இழுத்தனர். இழுபட்டு நீண்ட டயர்கள் மீண்டும் சக்கரத்தில் பொருந்தவில்லை. மேலாளர் கேஸ் பெலெனார்ஸ் டச்சு அணி முழுவதையும் பந்தயத்திலிருந்து விலக்கிக்கொண்டார்.

தூக்கி ஏற்றிவிடுவதே உதவி என்னும் நம்பிக்கையின் கொடிய பக்கத்தை 1967 ஜூலை 13 காட்டியது. வெயில் தகித்த வான்டூ மலையில் ஊக்கமருந்தும் களைப்பும் சேர்ந்து வருத்த, ஆங்கிலேய வீரர் டாம் சிம்சன் தள்ளாடி விழுந்தார். அவர் விருப்பப்படியே சுற்றியிருந்தோர் அவரை மீண்டும் இருக்கையில் அமர்த்தித் தள்ளிவிட்டனர். சிறிது தூரத்திலேயே மறுபடி சாய்ந்தவரைப் பந்தய மருத்துவர் பியேர் துமாவால் காப்பாற்ற இயலவில்லை. ஏற்றிவிட்டவர்களைப் பழிப்பதில் நியாயமில்லை. 1930 முதல் முப்பது ஆண்டுக்கும் மேலாக அப்பந்தயம் கற்பித்ததையே அவர்கள் செய்தனர்.

1995இல் போர்த்தே தாஸ்பே கணவாயின் இறக்கத்தில் இத்தாலிய வீரர் ஃபாபியோ கசார்தெல்லி தலையில் அடிபட்டு இறந்தபோது, மறுநாள் வீரர்கள் போட்டியைக் கைவிட்டு ஊர்வலம்போல் ஓட்டி, அவருடைய அணியினரை முன்னே செல்லவிட்டனர். தலைக்கவசம் கட்டாயமாவதற்கு 2003இல் பாரி–நீஸ் பந்தயத்தில் கசக்ஸ்தானின் ஆந்த்ரே கிவிலெவ் உயிரிழக்கும்வரை காத்திருக்க நேர்ந்தது.

கவசம் மண்டையோட்டைக் காக்கிறதே தவிர, தலை அதிரும்போது மூளைக்கு நேரும் பாதிப்பை, அதாவது மூளையதிர்ச்சியை, முற்றிலும் தடுப்பதில்லை. 2020 டூரில் விழுந்து எழுந்து நிற்கவும் தள்ளாடிய ரோமென் பார்தே அன்றைய கட்டத்தை ஓட்டி முடித்தார். பின்னரே பரிசோதனையில் மூளையதிர்ச்சி உறுதியாகி விலகினார். 2021 முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியத்தின் நெறிமுறை, விழுந்தவரை முதலில் நெருங்குவோர் பெரும்பாலும் சக வீரர்களும் வண்டி பழுதுபார்ப்போருமே என்பதைக் கருதி, அவர்களும் மூளையதிர்ச்சியின் அறிகுறிகளை அறிந்திருக்க வேண்டும் என்கிறது. மூளையதிர்ச்சி உறுதியானவர் அறிகுறிகள் நீங்கிய பின்னும் குறைந்தது ஒரு வாரம் போட்டியில் இறங்கலாகாது என்றும் விதிக்கிறது. இவ்விதி 1930இல் இருந்திருந்தால், லெதுக்கின் பந்தயம் கலிபியே இறக்கத்திலேயே முடிந்திருக்கும்.