மில்லிங் இயந்திரத்தை நேர்ப்படுத்துதல்

மில்லிங் இயந்திரத்தை நேர்ப்படுத்துதல் என்பது சுழலும் கட்டரைக் கொண்டு உலோகத்தைச் சீவும் இயந்திரத்தை ஓரிடத்தில் நிறுவி, அதன் மேசை, தலை, வைஸ் ஆகியவற்றை ஒன்றுக்கொன்று சரியான கோணத்தில் அமைக்கும் வேலை. தமிழ்ப் பாடநூல்களில் இது துருவல் இயந்திரம் எனப்படுகிறது. பட்டறைகளில் மில்லிங் மெஷின் என்ற சொல்லே வழங்குகிறது. லேத்தில் பொருள் சுழல்கிறது, உளி நகர்கிறது. மில்லிங்கில் கட்டர் சுழல்கிறது, பொருள் நகர்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டையொட்டிய பட்டறைக்குப் பழைய மில்லிங் இயந்திரம் ஒன்றை வாங்கிவரும் ஒருவர் முதலில் சந்திக்கும் சிக்கல், அது சரியாக இருக்கிறதா என்று யாரிடம் கேட்பது என்பதுதான். லாரியில் ஏற்றி இறக்கிய இயந்திரம் பழைய துல்லியத்தோடு வந்துசேர்வதில்லை. நிறுவிய இடத்தில் அதை மீண்டும் உருவாக்க வேண்டும். இந்த அறிவு நெடுங்காலம் தொழிற்சாலைகளின் மூத்த ஃபிட்டர்களின் கையில் மட்டும் இருந்தது. அது எழுத்துக்கு வந்ததே இவ்வரலாற்றின் முக்கியமான திருப்பம்.

தொடக்கம்

முதல் மில்லிங் இயந்திரத்தை 1818-ல் அமெரிக்காவின் எலி விட்னி செய்தார் என்று பல நூல்களில் காணப்படுகிறது. பிற்கால ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. அதே காலகட்டத்தில் நியூ இங்கிலாந்தின் துப்பாக்கிப் பட்டறைகள் பலவற்றில் இவ்வியந்திரம் உருவாகிவந்தது என்பதே இன்றைய கருத்து. ஜோசப் பிரவுன் 1862-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த யுனிவர்சல் மில்லிங் இயந்திரத்தின் வரலாறு தெளிவானது. உள்நாட்டுப் போருக்குத் துப்பாக்கி செய்த தொழிற்சாலையில், துளையிடும் டிரில்களின் முறுக்குப் பள்ளங்களை அரத்தால் கையில் ராவிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையை இயந்திரத்துக்கு மாற்றவே அது வடிவமைக்கப்பட்டது.

வீட்டுப் பட்டறைகளில் இன்று பெரிதும் விரும்பப்படும் வடிவம் 1938-ல் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ருடால்ஃப் பானோ, மேக்னஸ் வால்ஸ்ட்ராம் இருவரின் நிறுவனத்திலிருந்து வந்தது. அதன் தலையை எப்பக்கமும் சாய்க்கலாம். சாய்க்க முடிவதே அதன் வசதி, எளிதில் கோணம் தவறுவதற்குக் காரணமும் அதுவே.

சமதளம் எங்கிருந்து வந்தது

நேர்ப்படுத்த ஓர் அளவுகோல் வேண்டும். முதல் அளவுகோலை எதைக் கொண்டு அளப்பது? இதற்கான விடையை ஜோசப் விட்வொர்த் 1840-ல் கிளாஸ்கோவில் வாசித்த கட்டுரையில் விளக்கினார். இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று பொருத்தினால் ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் இருந்தாலும் அவை கச்சிதமாகப் பொருந்திவிடும். மூன்று தகடுகளை மாற்றி மாற்றிப் பொருத்தும்போது, மூன்றும் சமதளமாக இருந்தால் மட்டுமே எல்லா இணைகளும் பொருந்தும். பிரஷ்யன் நீலத்தை மெல்லத் தடவி, சாயம் ஒட்டும் மேடுகளை மட்டும் சுரண்டி எடுப்பார்கள். அளவுகோல் ஏதுமில்லாத நிலையிலிருந்து துல்லியத்தை உருவாக்கிய இம்முறை, பொறியியல் வரலாற்றின் மிக அழகான சிந்தனைகளில் ஒன்று.

ஷ்லெசிங்கரின் அட்டவணை

கியோர்க் ஷ்லெசிங்கர் 1904-ல் பெர்லின் சார்லாட்டன்பர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரக் கருவிகளுக்கான பேராசிரியரானார். முதல் உலகப்போரில் கையிழந்த வீரர்களுக்கான செயற்கை உறுப்புகளைச் சோதிக்கும் நிலையத்தையும் நடத்தினார். அவர் 1927-ல் வெளியிட்ட சோதனை நூல் ஒவ்வொரு வகை இயந்திரத்துக்கும் எதை, எங்கே வைத்து அளக்க வேண்டும், எவ்வளவு பிழை அனுமதிக்கப்படும் என்று அட்டவணையிட்டது. தேவையான கருவிகள் சிலவே: ரசமட்டம், டயல் கேஜ், நேர்விளிம்பு, சோதனைத் தண்டு. விற்பவரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டியிராமல், வாங்குபவர் தானே அளந்து பார்க்கலாம் என்றாகியது.

யூதரான ஷ்லெசிங்கர் 1933-ல் நாஜி அரசால் கைதுசெய்யப்பட்டார். விடுதலைக்குப் பின் சுவிட்சர்லாந்து, பெல்ஜியம் வழியாக இங்கிலாந்து சென்று, 1949-ல் அங்கேயே மறைந்தார். அவருடைய சோதனைமுறை ஐஎஸ்ஓ 230 போன்ற பன்னாட்டுத் தரங்களில் தொடர்கிறது.

தமிழ்நாட்டில்

இந்திய அரசின் ஹெச்எம்டி நிறுவனம் 1953-ல் பெங்களூரில் தொடங்கப்பட்டது. முதலில் லேத்துகளும் பின்னர் மில்லிங் இயந்திரங்களும் அங்கே உருவாயின. அதற்கு முன்பே கோவையில் தானாகக் கற்கும் மரபு ஒன்று இருந்தது. ஜி.டி. நாயுடு (1893-1974) முறையான கல்வி அதிகமின்றி, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பூட்டி இயந்திரவியலைக் கற்றவர். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து மின்மோட்டார் செய்தார். 1945-ல் அவர் முயற்சியால் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி அமைந்தது. பொறியியல் படிப்புக்கு இத்தனை ஆண்டுகள் தேவையில்லை என்பது அவர் கருத்து. அதில் மிகை இருக்கலாம். ஆனால் இயந்திரத்தைத் தொட்டுக் கற்பவருக்கு அது புரியும்.

முறையான பயிற்சி 1950-ல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் வழி ஐடிஐகளில் பரவியது. குமரி மாவட்டத்தில் நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐடிஐயும் பாலிடெக்னிக்கும் உள்ளன. 1986-ல் சென்னை கிண்டியில் அமைந்த, நிமி எனப்படும் நிறுவனம் ஐடிஐ பாடநூல்களை வெளியிடுகிறது. அவற்றில் தமிழ் நூல்களும் உண்டு. டயல் கேஜால் வைஸை நேராக்குவது மெஷினிஸ்ட் பிரிவின் அடிப்படைப் பயிற்சிகளில் ஒன்று.

செய்முறை

முதல் வேலை மட்டம். கொத்தனாரின் ட்யூப் மட்டம் இதற்குப் போதாது. ஒரு மீட்டர் நீளத்தில் 0.02 மில்லிமீட்டர் சரிவைக் காட்டும் ரசமட்டம் வேண்டும். இயந்திரம் பூமிக்குக் கிடையாக இருப்பதைவிட, நான்கு கால்களும் சமமாகப் பாரம் தாங்கி உடல் முறுக்கில்லாமல் இருப்பதே முக்கியம். நீண்ட படுகை கொண்ட லேத்துக்கு இது உயிர்நாடி. கட்டையான மில்லிங் இயந்திரம் சற்றுப் பொறுத்துக்கொள்ளும்.

அடுத்தது தலை. பட்டறைகளில் இதை ட்ராம் பார்ப்பது என்பார்கள். ஸ்பிண்டிலில் டயல் கேஜைப் பொருத்திக் கையால் சுற்றி, மேசையின் இட, வல ஓரங்களையும் முன், பின் பகுதிகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். 300 மில்லிமீட்டர் விட்டத்தில் 0.03 வேறுபாடு தெரிந்தால், 100 மில்லிமீட்டர் கட்டரின் இரு விளிம்புகளுக்கிடையே 0.01 உயர வேறுபாடு இருக்கும். மேசை நகரும் திசையில் தலை சாய்ந்திருந்தால் சீவிய பரப்பு நடுவில் குழியும். குறுக்காகச் சாய்ந்திருந்தால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையே படி விழும். தலையின் போல்ட்டுகளை இறுக்கும்போது அளவு மீண்டும் மாறும் என்பதால் பாதி இறுக்கி அளந்து, முழுதும் இறுக்கி மறுபடி அளக்க வேண்டும்.

வைஸ் கடைசி. கேஜ் தொட வேண்டியது அதன் நிலையான தாடையை. நகரும் தாடையை அல்ல. வரிசையை மாற்றினால் முந்தைய பிழை அடுத்த அளவில் ஒளிந்துகொள்ளும்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ். பெரும்பாலான பழைய இயந்திரங்களின் மோட்டார்கள் மூன்று ஃபேஸில் ஓடுபவை. அதிர்வெண் மாற்றி ஒன்றைப் பொருத்தி இதைச் சமாளிக்கிறார்கள். 415 வோல்ட் மோட்டாரானால் இணைப்பை 230-க்கு மாற்ற முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களின் உப்புக்காற்றில், சுரண்டிய பரப்புகள் எண்ணெய்ப் படலம் இல்லாவிட்டால் விரைவில் துருவேறும். மேசையைத் துடைத்து எண்ணெய் பூசுவது அங்கே அன்றாட வேலை.