இசைக்குறியீட்டு எழுத்துரு மாற்றீடு

இசைக்குறியீட்டு எழுத்துரு மாற்றீடு என்பது, இசைக்குறியீட்டு மென்பொருள் ஒன்று இயல்பாகப் பயன்படுத்தும் இசை எழுத்துருவுக்குப் பதிலாக வேறோர் எழுத்துருவைக் கொண்டு இசைத்தாளை அச்சுக்கோப்பதைக் குறிக்கும். மேலைத்தேய இசையின் ஐந்துகோட்டு முறையில் வரும் சுரத்தலை, கொடி, ஓய்வுக்குறி, கிளெஃப், ஷார்ப், பிளாட் முதலியன கணினியில் எழுத்துருவின் உருக்களாகவே சேமிக்கப்பட்டுள்ளன. எனினும், உரை எழுத்துருவை மாற்றுவது போல இசை எழுத்துருவை எளிதில் மாற்றிவிட இயலாது. ஒவ்வோர் உருவும் எந்தக் குறியெண்ணில் உள்ளது, அதன் அளவு என்ன, தண்டு அதன் எப்புள்ளியில் இணைய வேண்டும் என்பவை மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவை பொருந்தாவிடில் இசைத்தாள் அழகு குன்றுவதோடு நில்லாமல், வாசிக்கவே இயலாததாகவும் ஆகிவிடும்.

வரலாறு

வெனிசு நகரின் அச்சாளர் ஒத்தாவியானோ பெத்ரூச்சி 1501 ஆம் ஆண்டில் அசையும் அச்செழுத்துக்களைக் கொண்டு பல்குரல் இசை நூலை வெளியிட்டார். பிற்காலத்தில், உலோகத் தகட்டில் எஃகு முத்திரைகளை அடித்துக் குறிகளைப் பதிக்கும் முறை பரவியது. பதிப்பகங்கள் பயன்படுத்திய முத்திரைகள் வேறுபட்டதால், அவற்றின் இசைத்தாள்களின் தோற்றமும் வேறுபட்டது. கணினிக் காலத்தில் அம்முத்திரைகளின் இடத்தை எழுத்துருக்கள் பெற்றன.

1980களின் நடுப்பகுதியில் அடோபி நிறுவனத்துக்காகக் கிளியோ ஹக்கின்சு வடிவமைத்த சொனாட்டா, தொடக்ககால இசை எழுத்துருக்களுள் முதன்மையானது. 1988 இல் வெளிவந்த ஃபினாலே மென்பொருள் பெத்ரூச்சி என்ற எழுத்துருவையும், பின்னர் மேஸ்ட்ரோ என்ற எழுத்துருவையும் கொண்டிருந்தது. சிபேலியசு மென்பொருளின் எழுத்துரு ஓபசு ஆகும்.

பழைய எழுத்துருக்களின் சிக்கல்

தொடக்ககால இசை எழுத்துருக்கள் ஆங்கில விசைப்பலகையின் இடங்களிலேயே இசைக்குறிகளை வைத்தன. எடுத்துக்காட்டாக, '&' குறியின் இடத்தில் ஜி கிளெஃப்பும், '?' குறியின் இடத்தில் எஃப் கிளெஃப்பும் அமைந்தன. எழுத்துரு நிறுவப்படாத கணினியில் அத்தகைய கோப்பைத் திறந்தால், கிளெஃப்புக்குப் பதிலாக '&' மட்டுமே தோன்றக்கூடும். ஒருங்குறிக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் எழுதிய கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தெரிந்ததும் இதே காரணத்தினால்தான்.

அடிப்படைக் குறிகளின் இடங்களில் ஓரளவு ஒற்றுமை இருந்தபோதிலும், ஏனைய குறிகளை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அடுக்கியது. 127 க்கு மேற்பட்ட குறியெண்களை விண்டோசும் மாக்கிண்டோசும் வெவ்வேறாகக் கையாண்டமையால், ஒரே எழுத்துருவைப் பயன்படுத்தியபோதும் கோப்பு இயங்குதளம் மாறும்போது குறிகள் மாறும் இடர் இருந்தது.

2001 இல் வெளியான ஒருங்குறி 3.1 பதிப்பில் இசைக்குறிகளுக்கென 256 இடங்கள் கொண்ட தனித் தொகுதி சேர்க்கப்பட்டது. ஆனால் தொழில்முறை அச்சுக்கோப்புக்கு அது போதுமானதாக இல்லை. மேலும், குறியின் பெயரையும் எண்ணையும் வரையறுக்கும் ஒருங்குறி, அதன் அளவையோ இணைப்புப் புள்ளியையோ வரையறுப்பதில்லை.

ஸ்மூஃபிள் சீர்தரம்

இச்சிக்கலைத் தீர்க்க, ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் டேனியல் ஸ்பிரெட்பரி 2013 இல் ஸ்மூஃபிள் என்னும் இசை எழுத்துருச் சீர்தரத்தை அறிமுகப்படுத்தினார். இதன் முதல் எழுத்துரு பிராவுரா ஆகும். 2015 இல் உருவான உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் இசைக்குறியீட்டுச் சமூகக் குழு இச்சீர்தரத்தைப் பேணுகிறது.

ஸ்மூஃபிள், ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குறிகளுக்கு நிலையான இடங்களை வகுத்துள்ளது. பதின்ம எண்ணில் கூறினால், ஜி கிளெஃப் 57424 ஆம் இடத்திலும் கறுப்புச் சுரத்தலை 57508 ஆம் இடத்திலும் உள்ளன. இதன் பிற விதிகளுள் முக்கியமானவை:

• எழுத்துருவின் முழு அளவு, ஐந்து கோடுகளுக்கு இடைப்பட்ட நான்கு இடைவெளிகளின் மொத்த உயரத்துக்குச் சமமாக இருத்தல் வேண்டும்.
• சுரத்தலையின் நடுப்பகுதி அடிக்கோட்டின் மீது அமைதல் வேண்டும். கிளெஃப் எச்சுரத்தைச் சுட்டுகிறதோ, அச்சுரத்துக்குரிய இடம் அடிக்கோட்டில் அமைதல் வேண்டும்.
• எழுத்துருவுடன் ஜேசான் வடிவிலான தரவுக் கோப்பு ஒன்று வழங்கப்படுதல் வேண்டும்.

இத்தரவுக் கோப்பு மாற்றீட்டில் இன்றியமையாதது. தண்டு, ஐந்து கோடுகள், இணைப்புப் பட்டை ஆகியவற்றைப் பொதுவாக எழுத்துரு அல்ல, மென்பொருளே வரைகிறது. அவற்றின் தடிப்பு எழுத்துருவின் உருக்களோடு ஒத்திருந்தால்தான் பக்கம் ஒரே கையால் எழுதியது போல் தோன்றும். பிராவுராவின் தரவுக் கோப்பு, ஒரு கோட்டு இடைவெளியை அலகாகக் கொண்டு, கோட்டின் தடிப்பு 0.13, தண்டின் தடிப்பு 0.12, இணைப்புப் பட்டையின் தடிப்பு 0.5 எனக் குறிப்பிடுகிறது. தண்டு சுரத்தலையில் சேரும் புள்ளியும் இக்கோப்பிலேயே தரப்படுகிறது.

மென்பொருள்களில் மாற்றீடு

மியூஸ்ஸ்கோர்: இக்கட்டற்ற மென்பொருளின் பாணி அமைப்புகளில் இசை எழுத்துருவைத் தெரிவுசெய்யலாம். பிராவுரா, எமென்டாலர், கான்வில், கையெழுத்துப் பாணியிலான பெட்டலூமா முதலியவை இதனுடன் வருகின்றன. 2021 இல் வெளியான 3.6 பதிப்பு முதல் லீலண்டு இயல்பு எழுத்துருவாக உள்ளது. ஸ்கோர் என்னும் முன்னோடி மென்பொருளை உருவாக்கிய லீலண்டு சிமித்தின் நினைவாக இது பெயரிடப்பட்டது. எழுத்துருவுக்குரிய தடிப்பு அளவுகளைத் தானாகவே ஏற்றும் தெரிவும் இம்மென்பொருளில் உண்டு.

லிலிபாண்டு: குனூ திட்டத்தைச் சேர்ந்த இம்மென்பொருளின் எழுத்துரு எமென்டாலர் ஆகும். இது எட்டு வடிவமைப்பு அளவுகளில் வரையப்பட்டுள்ளது. சிறிய அளவுகளில் உருக்கள் சற்றுத் தடிப்பாக இருப்பதால் சிறிய கோடுகளிலும் தெளிவு குறைவதில்லை. லிலிபாண்டு உருக்களைக் குறியெண்ணால் அன்றிப் பெயரால் அழைக்கிறது. ஆகவே மாற்று எழுத்துருவும் எமென்டாலரின் பெயர்களையே பின்பற்ற வேண்டும். பல கோட்டுத் தொகுதிகளை இணைக்கும் பெரிய அடைப்புக்குறிக்கெனத் தனிக் கோப்பும் உண்டு.

சிபேலியசு: இதில் ஓபசு, ஹெல்சின்கி, இன்க்பென் முதலிய எழுத்துருக்களுக்குரிய ஆயத்தப் பாணிகள் உள்ளன. பாணியை இறக்குமதி செய்தால் எழுத்துருவும் அளவுகளும் ஒருங்கே மாறும்.

ஃபினாலே: 2021 இல் வெளியான 27 ஆம் பதிப்பு ஸ்மூஃபிளுக்கு ஆதரவளித்தது. 2024 ஆகத்து மாதத்தில் மேக்மியூசிக் நிறுவனம் இம்மென்பொருளின் மேம்பாட்டை நிறுத்துவதாக அறிவித்தது. அதனால் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இதில் எழுதப்பட்ட இசைத்தாள்களைப் பிற மென்பொருள்களுக்குக் கொண்டுசெல்லும் தேவை எழுந்தது. மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவில் சுரங்களும் தாள அளவுகளும் பெரும்பாலும் பிழையின்றிச் செல்லும். ஆனால் பழைய எழுத்துருவின் குறியெண்ணை நம்பி உரையாக இடப்பட்ட குறிகள் தவறாகத் தோன்றலாம்.

கவனிக்க வேண்டியவை

• மாற்றுவதற்கு முன் மூலக் கோப்பின் படியையும், எழுத்துருக்கள் பொதிக்கப்பட்ட பி.டி.எஃப் படியையும் சேமித்தல் நன்று. கோப்பு பிற்காலத்தில் சரியாகத் திறக்காவிடினும், இசையமைப்பாளர் எழுதியது எது என்பதற்கு அப்படியே சான்றாகும்.
• இசை எழுத்துருவை மாற்றிய பின் உரை எழுத்துருவையும் சரிபார்த்தல் வேண்டும். ஒலியளவுக் குறிகளும் வேகக் குறிப்பில் வரும் சுர உருக்களும் தனி எழுத்துருவில் இருக்கக்கூடும்.
• சுரத்தலைகளின் அகலம் எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபடுவதால் வரிப்பிரிப்பும் பக்கப்பிரிப்பும் மாறலாம். இசைப்பவர் தாளைப் புரட்டுவதற்கு வசதியாக அமைத்த ஓய்வுகள் இதனால் இடம் மாறிவிடும்.
• அரிய குறிகள் சில எழுத்துருக்களில் இல்லாமல் இருக்கலாம். நுண்சுரக் குறிகளைப் பயன்படுத்தும் படைப்புகளில் இது பொருள் மாற்றத்தையே உண்டாக்கும்.

உரிமம்

பிராவுரா, பெட்டலூமா, லீலண்டு ஆகியவை எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டுள்ளன. இவற்றை எவரும் கோப்புடன் பகிரலாம். வணிக எழுத்துருக்களுக்கு இவ்வுரிமை பொதுவாக இல்லை. எனவே நெடுங்காலம் பேணவேண்டிய இசைத்தாள்களுக்குத் திறந்த உரிமமும் ஸ்மூஃபிள் ஒழுங்கும் கொண்ட எழுத்துருக்கள் ஏற்றவையாகும்.

இவற்றையும் பார்க்க

• ஒருங்குறி
• இசைக்குறியீடு
• லிலிபாண்டு
• கட்டற்ற மென்பொருள்